ஓரத்துச் செடி

முதுகலையில் நான் எள்ளை எடுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், எண்பது எண்பத்தைந்து நாளில் அறுவடை முடிந்துவிடும் என்பதுதான். கரும்பு எடுத்த தோழி ஒரு வருஷம் காத்துக் கிடந்தாள். முந்திரி எடுத்திருந்தால் பேரப்பிள்ளை பார்த்த பிறகுதான் பட்டம். எள் என்றால் மாசிப் பட்டத்தில் விதைத்து, சித்திரை முடிவதற்குள் காயை எண்ணி, விதையை நிறுத்து, கணக்குப் போட்டு, ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்துவிடலாம். வாய்மொழித் தேர்வில் “ஏன் எள்?” என்று கேட்டார்கள். எண்ணெய் வித்துகளில் நாடு தன்னிறைவு அடையவேண்டிய அவசியத்தைப் பற்றிச் சரளமாகப் பேசினேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று எனக்கே தெரியவில்லை.

தலைப்பும் அதே மாதிரி வந்ததுதான். எள்ளில் மரபு வேறுபாடு, மரபுவழித் திறன், மரபு முன்னேற்றம். வேளாண் கல்லூரி நூலகங்களில் இந்த மூன்றையும் தலைப்பில் சுமந்துகொண்டு நிற்கும் ஆய்வேடுகளுக்குக் கணக்கில்லை. பயிர் மட்டும் மாறும். கத்தரி, உளுந்து, கம்பு, நிலக்கடலை. நான் அவற்றைக் கேலி செய்யவில்லை. பயிர்ப் பெருக்கம் படிக்கிறவர்களுக்கு வயலில் நின்று எண்ணப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எண்ணியதை வைத்துக்கொண்டு நாங்கள் எழுதிய வாக்கியங்களைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. என் ஆய்வேட்டிலும் அவை இருப்பதால் சொல்லும் உரிமையும் இருக்கிறது.

செய்முறை சுலபம். பல ஊர்களிலிருந்து வந்த எள் வகைகளை வயலின் மூன்று பகுதிகளில், பகுதிக்கு ஒரு தடவை, சீட்டுக் குலுக்கிய வரிசையில் விதைப்போம். எள் ஆயிரம் சேர்ந்தாலும் மூன்று கிராம் அளவில்தான் இருக்கும். கையில் எடுத்தால் விரலிடுக்கில் ஓடிவிடும். அதனால் மணலோடு கலந்து விதைத்து, முளைத்த பிறகு செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இருக்கும்படி கலைத்துவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து செடிக்குச் சீட்டுக் கட்டி உயரம், கிளை, காய், காய்க்கு எத்தனை விதை, ஆயிரம் விதையின் எடை, எண்ணெய்ச் சத்து, செடி விளைச்சல் என்று எழுதிக்கொண்டே போவோம். வெயிலில் காய் எண்ணுவது எப்படிப்பட்ட வேலை என்று எண்ணியவர்களுக்குத் தெரியும். எள் கீழிருந்து மேலே பூத்துக்கொண்டே போகிற செடி. அடியில் காய் முற்றி நிற்கும்போது நுனியில் மொட்டு இருக்கும். எதைக் காய் என்று எண்ணுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு செடியிடமும் நின்று யோசிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பின்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான். வயலில் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாட்டில் எவ்வளவு விதையோடு வந்தது, எவ்வளவு இடம் கொடுத்தது? மொத்த வேறுபாட்டை நூறாக வைத்தால் விதையோடு வந்த பங்குதான் மரபுவழித் திறன். நல்ல செடிகளைப் பொறுக்கி விதைத்தால் அடுத்த தலைமுறையின் சராசரி எவ்வளவு ஏறும் என்பது மரபு முன்னேற்றம். கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வயலில் செடிக்குச் சராசரி 60 காய். நாம் 90 காய் வைத்த செடிகளாகப் பார்த்து எடுக்கிறோம். பிள்ளைகளும் 90 வைக்குமா? திறன் முழு நூறாக இருந்தால் வைக்கும். நாற்பதாக இருந்தால், கூடுதலாகத் தெரிந்த 30 காயில் 12 மட்டும் கூட வரும். பிள்ளைகளின் சராசரி 72. மீதி 18 காயை அந்தத் தாய்ச் செடிகளுக்குக் கொடுத்தது மண்ணாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம், பக்கத்தில் போட்டிக்குச் செடி இல்லாத சௌகரியமாக இருக்கலாம். அந்தப் பதினெட்டு விதைக்குள் ஏறாது.

என் கணக்கில் பல பண்புகளுக்குத் திறன் அறுபதைத் தாண்டி, சிலவற்றில் தொண்ணூறை ஒட்டி வந்தது. தாண்டினால் ‘உயர்வு’, முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே இருந்தால் ‘நடுத்தரம்’, அதற்குக் கீழே ‘குறைவு’ என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. அமெரிக்காவில் ஜான்சன், ராபின்சன், காம்ஸ்டாக் என்ற மூவர் 1955இல் சோயாமொச்சையை வைத்து எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டாத இந்திய ஆய்வேடு ஒன்றைக் காண்பது கடினம். திறனை மட்டும் பார்க்காதே, முன்னேற்றத்தையும் சேர்த்துப் பார் என்பது அவர்கள் சொன்னதின் சாரம். நல்ல யோசனை. அது நம்மிடம் வந்து மந்திரமாகிவிட்டது. “திறனும் உயர்வு, முன்னேற்றமும் உயர்வு, ஆகவே கூட்டுவிளைவு மரபணுக்கள் ஆள்கின்றன, நேரடித் தேர்வு பலன் தரும்.” நானும் எழுதினேன். எள் வகைகளை ஒன்றோடொன்று நிறுத்தி அளந்ததில் மரபு வேறுபாடு மொத்தமாகத்தான் கிடைக்கும். அதற்குள் ஒவ்வொரு மரபணுவும் தன் பங்கைத் தனித்தனியாகக் கூட்டித் தரும் கூட்டுவிளைவு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட அந்தச் சோதனையில் வழியே கிடையாது. பிரிக்க வேண்டுமானால் இனக்கலப்பு செய்து, பிள்ளைகளையும் பெற்றோரையும் சேர்த்து வளர்க்க வேண்டும். இது தெரியாமல் எழுதினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எல்லாரும் எழுதுகிறார்கள் என்பதால் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை.

இந்த விஷயம் எனக்கு முன்பே பிடிபட்டிருக்க வேண்டும். நான் பிறந்தது விருத்தாசலத்தில். பழமலைநாதருக்கும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கும் அடுத்தபடியாக ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பீங்கான். அதற்கென்று தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பழைய வீடுகளின் மின்பெட்டிகளில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ்களும் கொலுப் பொம்மைகளும் இங்கிருந்து ஊர் ஊராகப் போனவை. அப்பா பொம்மைக்காரர். களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சுவரை ஒட்டி மண் தோலாகப் பிடிக்கும், மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பிள்ளையார் ஈரத்தோடு உட்கார்ந்திருப்பார். காயவைத்து, ஓரம் சீவி, சூளைக்குப் போகும்.

சூளையிலிருந்து வரும்போது பொம்மைகள் ஒன்றுபோல இருக்காது. ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கும், ஒன்றில் விரிசல், ஒன்றின் நிறம் மங்கல். அப்பாவின் முதல் கேள்வி, “அச்சா, அடுப்பா?” சந்தேகம் வந்த நாட்களில் ஒவ்வொரு அச்சின் பொம்மைக்கும் அடியில் ஆணியால் கீறி அடையாளம் வைப்பார். ஒரே அச்சில் வந்ததில் ஒன்றை வாய்ப்பக்கமும் ஒன்றை நடுவிலும் ஒன்றைப் பின்சுவரை ஒட்டியும் அடுக்குவார். மூன்று இடத்திலும் அந்த அச்சின் பொம்மையே கோணினால் அச்சை உடைத்துப் போடுவார். பின்சுவர்ப் பக்கம் வைத்தது எந்த அச்சாக இருந்தாலும் கோணினால் அச்சைத் தொடமாட்டார், சூளையைப் பார்ப்பார். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஆர். ஏ. ஃபிஷர் 1920களில் வயல் சோதனைக்கு வகுத்துக் கொடுத்த முறையும் இதுவேதான். ஒவ்வொரு வகையையும் வயலின் எல்லாப் பகுதியிலும் நிறுத்து, இடத்தின் குணத்தைக் கழித்துவிடு, மிஞ்சுவது வகையின் குணம். ஃபிஷரைப் பாடத்தில் படித்தபோது எனக்குச் சூளை நினைவுக்கு வரவில்லை. வேலையில் சேர்ந்து சில வருஷம் கழித்துத்தான் வந்தது. அதற்குக் காரணம் மாமாவின் நிலம். அதைச் சொல்வதற்கு முன் வேறு இரண்டு விஷயம்.

டென்மார்க்கில் வில்ஹெல்ம் யோஹான்சன் என்பவர் கடையில் விற்கும் பீன்ஸ் வகை ஒன்றை வாங்கி விதைத்துப் பார்த்து, 1903இல் முடிவை வெளியிட்டார். அந்த பீன்ஸில் ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாக வளர்த்து 19 தூய வழிகளைப் பிரித்தார். வழிக்கு வழி விதையின் பருமன் வேறுபட்டது, அது பரம்பரையாக நின்றது. ஆனால் ஒரே வழிக்குள் பெரிய விதையையும் சிறிய விதையையும் பிரித்து விதைத்தால் பிள்ளைகளின் சராசரி ஒன்றாகவே வந்தது. வழிக்குள் தெரிந்த பெரிசு சிறிசு எல்லாம் இடம் கொடுத்தது. ஜீன் என்ற சொல்லையும் அவர்தான் பின்னால், 1909இல், புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எள்ளுக்கு இந்தச் சோதனை நேராகப் பொருந்தும். எள் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். தேனீ வந்து கொஞ்சம் கலக்கும் என்பதால்தான் விதைப் பண்ணையில் ஆதார விதைக்கு 100 மீட்டரும் சான்று விதைக்கு 50 மீட்டரும் தள்ளி வைக்கச் சொல்கிறோம். மற்றபடி நாட்டு எள் வயல் என்பது பல தூய வழிகள் கலந்து நிற்கும் கூட்டம்.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு வழியைப் பிரித்தெடுத்தாலே ஒரு ரகம் கிடைத்துவிடும். எங்கள் ஊரிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் பேர்போன இடம். அங்கிருந்து 1995இல் வந்த விஆர்ஐ 1 எள், திருக்காட்டுப்பள்ளி நாட்டு வகையிலிருந்து தேர்ந்தெடுத்த தூய வழி. நாட்டு வகையில் இருந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டாகிவிட்டால் அடுத்து இனக்கலப்பு செய்துதான் புதிய வேறுபாட்டைக் கொண்டுவர முடியும். 2017இல் வந்த விஆர்ஐ 3 அப்படி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரின் வெள்ளை எள்ளான எஸ்விபிஆர் 1-ஐ மத்தியப் பிரதேசத்து திகம்கரின் டிகேஜி 87-உடன் சேர்த்ததில் பிறந்தது. விதை வெள்ளை. தென்னார்க்காட்டு நாட்டு எள்ளையும் மலபார் எள்ளையும் சேர்த்துத் திண்டிவனத்தில் டிஎம்வி 3 உருவாகி 1943இல் வெளியானதிலிருந்து பார்த்தால் நம் வட்டாரத்துக்கு இது நீண்ட பழக்கம். அந்த டிஎம்வி 3-ஐ நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் பக்கத்தில் போட்டு வந்தார்கள்.

இரண்டாவது விஷயம் ஓரத்துச் செடி. எள் மாதிரி இடம் பார்த்து வளர்கிற பயிர் குறைவு. நெருக்கமாக நின்றால் ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று போகும். பக்கத்தில் நாலு செடி சாகட்டும், உடனே கிளைவிட்டுக் குடையாக விரியும். வரப்போரம் நிற்கிற செடிக்கு ஒரு பக்கம் முழுக்க வெளிச்சம், வேருக்குப் போட்டி பாதி. அதில் தொங்குகிற காயைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கு வந்தது. பண்ணையில் களை எடுக்க வந்த அக்கா ஒருவர், நான் அப்படி ஒரு செடிக்குச் சீட்டுக் கட்டப் போனதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, அது வரப்புச் செடி. தண்ணி போற வழியில நிக்குது. அதுக்குப் போயி சீட்டு கட்டுறியே, உள்ள நிக்கிறதுல பாரும்மா.” பாடத்தில் இதற்கு ஓர விளைவு என்று பெயர். வரிசையின் இரு முனைச் செடிகளையும் வெளி வரிசைகளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியும் இருக்கிறேன். ஆனாலும் கண் ஓரத்துக்குத்தான் போகும். இன்றுவரை போகிறது.

நோயிலும் இதே கதை உண்டு. எள்ளில் பூ பூவாக வராமல் பச்சையாகி, இலைக் கொத்தாக மாறிவிடும் நோய் ஒன்று இருக்கிறது. பில்லோடி என்பார்கள். ஒரு வகை தத்துப்பூச்சி அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். வயல் பாதி பச்சைக் கொத்தாக நிற்கும்போது நடுவில் ஒரு செடி ஒழுங்காகக் காய்த்து நின்றால் அதன் விதையை எடுத்து வைக்கத் தோன்றும். அந்தச் செடி நோயைத் தாங்கியதா, பூச்சி அதைத் தொடாமல் போய்விட்டதா? பார்த்துச் சொல்ல வழியில்லை. அதன் பிள்ளைகளை, நோய் நிச்சயம் வரும் இடத்தில், நோய் பிடித்த செடிகளுக்கு நடுவில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலும் தெரிய வருவது அது அதிர்ஷ்டக்காரச் செடி என்பதுதான்.

இனி மாமா நிலம். மங்கலம்பேட்டை போகும் வழியில், செம்மண், வானத்தை நம்பியது. நான் படித்த இடத்தின் பண்ணை களிமண், கால்வாய்த் தண்ணீர். படிப்பு முடிந்து வேலைக்கு வந்த பிறகு, ஆய்வில் மேலே வந்த சில வகைகளின் விதை என்னிடம் பொட்டலங்களாக இருந்தது. எலி தின்பதற்குள் போட்டுவிடலாம் என்று மாமாவிடம் கொஞ்சம் இடம் கேட்டேன். “எள்ளுதானே, போட்டுக்கோ பாப்பா” என்றார். பண்ணையில் முதலிடம் வந்தது அங்கே நடுவில் எங்கோ நின்றது. பண்ணையில் நான் கண்டுகொள்ளாத ஒல்லி வகை ஒன்று, அதிகம் கிளைக்காதது, சீக்கிரம் பூத்துச் சீக்கிரம் முடிவது, செம்மண்ணில் மற்றதையெல்லாம் தாண்டிப் போனது. ஈரம் தீர்வதற்குள் அது தன் வேலையை முடித்துவிட்டது. மற்றவை பூத்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தன.

விதை எடை மாறவில்லை. நிறம் மாறவில்லை. பூக்கும் நாளின் முன்பின் வரிசைகூடப் பெரிதாக மாறவில்லை. காயும் விளைச்சலும்தான் இடம் மாறின. அதாவது நான் உயர்ந்த திறன் என்று எழுதியதில் ஒரு பகுதி வகையின் குணமே அல்ல, அந்த வகையும் அந்தக் களிமண்ணும் அந்த வருஷமும் சேர்ந்து செய்தது. ஒரே இடத்தில் ஒரே பருவத்தில் சோதனை செய்தால் அந்தச் சேர்க்கை முழுக்க மரபின் கணக்கில் வந்து விழும். எண் வீங்கிவிடும். பாடத்தில் இதுவும் இருக்கிறது. ஒரு பட்டத்துக்குள் முடிக்க வேண்டிய படிப்பில் வேறு வழியும் இல்லை. குறை ஆய்வேட்டின் அளவில் இல்லை, அந்த அளவை மறந்துவிட்டு எழுதுகிற கடைசிப் பத்தியில் இருக்கிறது.

அப்போதுதான் அப்பாவின் சூளை ஞாபகம் வந்தது. விறகுச் சூளையிலிருந்து வேறு சூளைக்கு மாறிய வருஷம் அவர் வைத்திருந்த அச்சுக் குறிப்பெல்லாம் செல்லாமல் போனது. பழைய சூளையில் நிமிர்ந்து வந்த தடித்த பொம்மைகள் புதியதில் வெடித்தன. முன்பு ஒதுக்கி வைத்திருந்த மெல்லிய அச்சுகள் நன்றாக வந்தன. அச்சு மாறவில்லை, மண்ணும் அதே நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்தான். “இந்தச் சூளைக்கு எந்த அச்சுன்னுதான் கேக்கணும்” என்றார். மறுபடி முதலிலிருந்து கீறல் போட்டு அடுக்க ஆரம்பித்தார். மரபுவழித் திறனும் அப்படித்தான் படிக்கப்பட வேண்டும். எள்ளுக்கு 85 சதவீதம் என்று ஒன்று கிடையாது. இந்த வகைகளை இந்த வயலில் இந்தப் பட்டத்தில் நிறுத்தியபோது 85. வயலை மாற்றினால் எண் மாறும். வகைகளின் கூட்டத்தை மாற்றினாலும் மாறும். ஒன்றுபோல இருக்கும் வகைகளாகப் பொறுக்கி நிறுத்தினால் மரபு வேறுபாடே இல்லாமல் போய் திறன் தரையைத் தொடும். அதற்காக அந்தப் பண்பு பரம்பரையில் வராது என்று ஆகிவிடாது.

இதை உணர்ந்த பிறகு ரகம் வெளியிடுகிறவர்கள் ஏன் அத்தனை வருஷம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது புரிந்தது. மாணவியாக இருந்தபோது சலிப்பாகத் தெரிந்த விஷயம் அது. நிலையத்தில் பார்த்து, பல ஊர்களில் பார்த்து, பிறகு விவசாயிகளின் வயலில் பார்த்து, அப்புறமும் குழு கூடி முடிவு செய்வார்கள். எல்லாச் சூளையிலும் அடுக்கிப் பார்க்கிற வேலை. தமிழ்நாட்டிலேயே நெல் அறுத்த தரிசில் தை மாசிக்குப் போடுகிற எள் வேறு, ஆடியில் மானாவாரியாகப் போடுகிறது வேறு, கார்த்திகையில் போடுகிறது வேறு.

இன்னொன்றும் மாமா நிலத்தில்தான் உறைத்தது. நாங்கள் செடி விளைச்சல் என்று எழுதுவது செடியிலிருந்து காகிதப் பைக்குள் உதிர்த்து நிறுத்தது. விவசாயிக்கு விளைச்சல் என்பது கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, போகிற மூட்டை. இரண்டுக்கும் நடுவில் எள் கொட்டிப்போகிறது. காய் முற்றினால் நுனி பிளந்து வாய் திறப்பது எள்ளின் குணம். அடிக்காய் திறக்கும்போது நுனிக்காய் பச்சையாக இருக்கும். கீழ் இலைகளில் கால்வாசி உதிர்ந்து, தண்டு மஞ்சளானதும் அறுத்துவிட வேண்டும். கட்டிப் போர் வைத்து, பிறகு வெயிலில் நிறுத்தித் தலைகீழாகத் தட்ட வேண்டும். ஆள் கிடைக்காமல் நாலு நாள் தள்ளினால் ஆய்வேட்டின் எண் மண்ணில் கிடக்கும். அந்த வருஷம் மாமா நிலத்தில் ஆள் வர இரண்டு மூன்று நாள் தாமதமானது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் சொன்னார், “உன் எள்ளை எறும்புக்குப் போட்டிருக்கே.”

காய் திறக்காத எள் உண்டு. வெனிசுலாவில் டி. ஜி. லாங்ஹாம் 1943இல் அப்படி ஒரு செடியைக் கண்டார். ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். தாய் தந்தை இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளிப்படும். எந்த வயலிலும் எந்தப் பட்டத்திலும் அந்தக் காய் மூடியேதான் இருக்கும். மரபுவழித் திறன் என்று பார்த்தால் இதைவிட உயர்ந்தது வேண்டாம். உலகம் பூராவும் அதை எடுத்து வேறு எள்ளில் சேர்த்தார்கள். காய் அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொண்டதில் எள்ளை வெளியே எடுப்பது பெரும்பாடானது. கூடவே வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. பிறகு அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம், காய் கொஞ்சம் திறந்தும் விதையை விடாமல் பிடித்துக்கொள்ளும் வகைகளை உண்டாக்கி இயந்திரத்தால் அறுக்கிறார்கள். நிற்கும்போது விழக்கூடாது, தட்டும்போது விழ வேண்டும். கையால் தலைகீழாகத் தட்டும் நமக்கும் தேவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிற ஒரு அளவுதான். என் ஆய்வேட்டில் அந்த அளவுக்கு ஒரு கட்டமே இல்லை. காய் எத்தனை என்று எண்ணினேன், எத்தனை நாள் வாயை மூடியிருக்கும் என்று பார்க்கவில்லை. அளந்த பண்புகளுக்குத்தான் திறன் கணக்கிட முடியும். எதை அளப்பது என்பதை யாரும் கணக்கிட்டுத் தருவதில்லை.

இப்போது என் வேலை விதைப் பண்ணைகளைப் பார்ப்பது. கலவன் செடிகளைப் பிடுங்கச் சொல்வது, பூக்கும்போதும் காய்க்கும்போதும் வந்து நிற்பது. அங்கே எனக்கு வேண்டியவை திறன் உயர்ந்த பண்புகள் மட்டும். காயின் அமைப்பு, கணுவுக்கு ஒரு காயா மூன்றா, மயிர் இருக்கிறதா, விதை நிறம். இவை இடத்துக்காக மாறாதவை. செடி உயரமாக இருக்கிறது என்று ஒருவர் கலவன் பிடுங்கிக்கொண்டிருந்தால் தடுத்து நிறுத்துவேன். அது எரு கொட்டிய இடமாக இருக்கும்.

சொந்தமாக விதை எடுக்க விரும்பும் விவசாயிகள் கேட்பதும் உண்டு. வரப்பிலிருந்து நாலு வரிசையாவது உள்ளே போங்கள் என்பேன். நாலு பக்கமும் செடி நின்று, அந்த நெருக்கத்திலும் காய் வைத்த செடியைப் பாருங்கள். பத்து இருபது செடி எடுத்து, ஒவ்வொன்றின் எள்ளையும் தனித்தனி உறையில் போட்டு வையுங்கள். கலந்துவிட்டால் போச்சு. அடுத்த பட்டத்தில் ஒரு செடிக்கு ஒரு வரிசை, மேட்டில் ஒன்று பள்ளத்தில் ஒன்று என்று இரண்டு மூன்று இடத்தில் விதையுங்கள். எல்லா இடத்திலும் சுமாராக நன்றாக வந்த வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் பிரமாதமாக வந்ததை நம்பாதீர்கள். அறுக்க ஆள் வரும்வரை காய் பிளக்காமல் இருந்ததா என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த வருஷமும் இதையே ஒருமுறை செய்யுங்கள்.

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டார்: “இம்மாம் செய்யறதுக்கு ஆராய்ச்சிப் பண்ணையில ரெண்டு கிலோ வாங்கிப் போட்டுடலாமேம்மா?”

“போடலாம்ங்க” என்றேன். “உங்களுக்காக இதத்தான் அங்க செஞ்சு வச்சிருக்காங்க. ஒரு ஏக்கருக்கு ரெண்டு கிலோ சரியா வரும்.”